கேட்பவர் மேல் ஏன் பழி?

தமிழில் ஒருவர் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டால், அதற்கான தீர்ப்பு முன்பே தயாராக இருக்கிறது. “நல்ல முயற்சிதான். ஆனா நம்ம ஜனங்களுக்கு சினிமாப் பாட்டு போதும்.” இசை வெளியீட்டாளர் இதைச் சொல்கிறார், எஃப்.எம். நிலையத்தில் சொல்கிறார்கள், பாடகரின் சொந்த மாமாவும் சொல்கிறார். ஆல்பத்தில் ராப்பும் ஒப்பாரியும் பறையும் கிடாரும் கலந்திருந்தால் கூடவே இன்னொன்றும் வரும்: “இதெல்லாம் சிட்டியில நாலு பேர் கேக்கறது. திருப்பாச்சூர்ல யாருங்க கேக்கப் போறாங்க?”

சரி, திருப்பாச்சூரையே எடுத்துக்கொள்வோம். திருவள்ளூரைத் தாண்டி திருப்பதி சாலையில் இருக்கும் ஊர். பாதி வயல், பாதி மனைப்பிரிவு, நடுவே ஒரு பழைய சிவன் கோயில். விடியுமுன் கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன, இரவு ஷிப்ட் முடித்தவர்களை இறக்கிவிடுகின்றன. இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை உள்ள பிழைப்பு இதுதான். காதில் இயர்போன் மாட்டாமல் பஸ் ஏறும் இளைஞர் அபூர்வம். அவர்கள் சினிமாப் பாட்டுத்தான் கேட்பார்கள், மற்றதெல்லாம் அவர்களுக்கு ஒட்டாது என்பது தமிழ் இசை உலகில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அது தவறு. தனி ஆல்பம் இங்கே தோற்கிறது என்றால் அது கேட்பவரின் காதால் தோற்கவில்லை. கணக்கில் தோற்கிறது.

எதிர்த்தரப்பிடம் வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை. 1952-இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒடுக்கினார். மக்களுக்கு நல்ல சங்கீதத்தைப் பழக்கப் போவதாக நினைத்தார். மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். அகில இந்திய வானொலி இறங்கிவந்து 1957-இல் விவித் பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. “பார்த்தீர்களா, ஜனங்களுக்கு சினிமாதான் வேண்டும்” என்பதற்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

ஆனால் கதையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. தமிழ்நாடு திரைப்பாடலுக்காகத் தேடிப்போன அதே இலங்கையிலிருந்துதான் பொப் இசையும் வந்தது. நித்தி கனகரத்தினம் தானே எழுதி மெட்டமைத்துக் கிடாரோடு பாடினார். ஏ.ஈ. மனோகரன் சிங்கள பைலாவின் துள்ளலைத் தமிழோடு சேர்த்து மேடைகளை ஆட வைத்தார். ‘சின்ன மாமியே’யும் ‘சுராங்கனி’யும் எந்தக் கதாநாயகனின் முகத்தையும் நம்பி வந்த பாட்டுகள் இல்லை. படத்துக்காகப் பிறந்தவையும் இல்லை. யாழ்ப்பாணத் தமிழ், போர்த்துகீசியர் விட்டுச்சென்ற தாளம், மேற்கத்திய கிடார் என்று எல்லாம் கலந்த பாட்டுகள். அவை கடல் தாண்டி வந்து கல்யாண வீட்டு மைக்செட் வரை போயின. ‘சுராங்கனி’யை சினிமா பிறகுதான் எடுத்துக்கொண்டது. சினிமாப் பாட்டுக்காக முள்ளைத் திருப்பிய காதுகளே சினிமா அல்லாததையும் பிடித்துக்கொண்டன. கேஸ்கர் கதை காட்டுவதெல்லாம் ஒன்றுதான்: மேலே இருந்து ஒருவர் ரசனையைத் திணித்தால் மக்கள் ஏற்க மாட்டார்கள். சினிமாவைத் தவிர வேறெதையும் கேட்கவே மாட்டார்கள் என்று அது எங்கே சொல்கிறது?

இதற்கு இலங்கை வரை போகவும் வேண்டாம். ஆடி மாதம் திருவள்ளூர்ப் பக்கம் வந்து பாருங்கள். தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். வேப்பிலைத் தோரணம் கட்டிய கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி. அதில் காலை ஐந்து மணிக்குத் தொடங்குவது எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் பாடல்கள், சஷ்டிக்குச் சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கவசம். தர்கா விழாவிலும் கட்சிக் கூட்டத்திலும் நாகூர் ஹனீபா. ஆண்டில் இத்தனை நாள் இந்த ஊர்களின் பொதுவெளியை நிறைப்பது திரைப்படத்தில் இடம்பெறாத இசை. இசைத்தட்டாகவும் கேசட்டாகவும் சி.டி.யாகவும் பென்டிரைவாகவும் உருமாறி ஐம்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் தனி ஆல்பங்கள் இவை. ‘இண்டி’ என்ற முத்திரை இல்லாததால் கணக்கெடுப்பவர்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

“அது பக்தி. அதை யாரும் இசைக்காகக் கேட்பதில்லை” என்பார்கள். அப்படியானால் எத்தனையோ பேர் பாடிய எத்தனையோ அம்மன் கேசட்டுகளில் ஏன் சில மட்டும் நின்றன? மாரியம்மன் ஒருத்திதானே? ஈஸ்வரியின் பதிவுகளை ஒரு தடவை பக்தியை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். சினிமாவில் கிளப் நடனப் பாட்டுகளுக்குப் பயன்பட்ட அதே குரல், அதே சிலிர்ப்பு, அதே எக்காளம். கீழே பம்பையும் உடுக்கையும். அவற்றோடு சினிமா ஆர்கெஸ்ட்ரா பாணியில் இடையிசை. கோயில் பூசாரியின் வர்ணிப்புப் பாட்டையும் இரவு விடுதிப் பாட்டையும் ஒரே தொண்டையில் சேர்த்த துணிச்சல் அது. இன்று ஓர் இளம் பாடகி இதைச் செய்தால் ‘வகைமைகளை உடைத்தவர்’ என்று பத்திரிகைகள் எழுதும். திருப்பாச்சூர் அதைப் பெயர் வைக்காமலே ஏற்றுக்கொண்டது. ஈஸ்வரி சினிமாவால் அறிமுகமானவர் என்றால் ஹனீபாவை என்ன சொல்வீர்கள்? திரையில் அவர் பாடியது விரல் விட்டு எண்ணக்கூடியது. 2015-இல் அவர் மறைந்தபோது அழுதவர்கள் எந்தப் படத்தையும் நினைத்து அழவில்லை.

கலந்த இசை மண்ணில் ஒட்டாது என்ற வாதத்துக்கு இந்த வட்டாரத்தின் வரலாறே நேர் எதிர். கடம்பத்தூரில் அரக்கோணம் மின்ரயில் ஏறினால் சற்று நேரத்தில் திருவாலங்காடு. பதிகம் என்ற வடிவத்துக்கு முன்னோடியான மூத்த திருப்பதிகங்களைக் காரைக்கால் அம்மையார் பாடிய இடம். எழுதியவரும் அவரே, பாடியவரும் அவரே. நட்டபாடை ஒன்று, இந்தளம் ஒன்று என இரண்டு பண்களில் சுடுகாட்டையும் பேய்க்கூத்தையும் வாத்திய வரிசையையும் பாட்டுக்குள் கொண்டுவந்தார். திருப்பாச்சூர்க் கோயிலிலேயே சம்பந்தரும் அப்பரும் பாடியிருக்கிறார்கள். சம்பந்தரின் பதிகம் காந்தாரப் பண். அவரோடு யாழ் எடுத்துச் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர், பாணர் குலத்தவர். பண்கள் வழக்கொழிந்தபின் அந்தக் காந்தாரத்தை ஓதுவார்கள் இன்று நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள். ரயில்பாதையின் இன்னொரு கிளையில் திருத்தணி. முத்துசாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையைப் பாடிய தலமாகச் சொல்லப்படுவது. அதே தீட்சிதர்தான் ஆங்கிலேயப் பட்டாள பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். ஏறக்குறைய நாற்பது ‘நோட்டுசுரங்கள்’, அவற்றில் ஒன்று பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டிலேயே இருக்கிறது. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். அந்தக் குடும்பத்தை அப்போது ஆதரித்தவர்கள் மணலி முதலியார்கள். ஆம், இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நிற்கும் அதே மணலி.

இந்தப் பெயர்களைப் பெருமை பேச நான் அடுக்கவில்லை. இவர்கள் எல்லோருக்கும் பின்னால் சோறு போட்ட ஒரு கை இருந்தது என்பதைச் சொல்லவே அடுக்கினேன். கோயிலோ, அரசனோ, அடியார் கூட்டமோ, மணலி முதலியாரோ யாரோ ஒருவர் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். மக்கள் முதலில் ரசித்தார்களா என்று பார்த்துவிட்டு அவர்கள் படி அளக்கவில்லை. இந்தப் பழைய புரவலர்கள் போய்விட்டார்கள். அந்த இடத்தில் சினிமாத் தயாரிப்பாளர் வந்து உட்கார்ந்தார். அவர் ஆதரிப்பது தன் படத்துக்குத் தேவையான பாட்டை மட்டும். இதில் கேட்பவரின் ரசனைக்கு என்ன வேலை?

இனி அரக்கோணத்துக்கு வருவோம். அந்த ஊர்க்காரர் ராப் பாடகர் அறிவு. 2019-இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குறள்’ ஆல்பம், 2024-இல் தன் பெயரில் ‘வள்ளியம்மா பேராண்டி’. அவருடைய பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பியவர். 1964-இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியக் கணக்கில் எழுதியது. அந்தக் கூட்டத்தின் நினைவைத்தான் பேரன் ராப்பாகவும் ஒப்பாரியாகவும் ஆக்கினார். 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் தன்னை எப்படி அறிமுகம் செய்துகொண்டாரோ அதையே பின்னர் தனி ஆல்பத்துக்குப் பெயராக வைத்தார்.

அந்த ஒரு பாட்டு போதும், “மக்கள் கேட்க மாட்டார்கள்” என்ற வாதத்தை மூட்டை கட்ட. படம் இல்லை, நாயகன் இல்லை. நிலமற்றவர் கதை, தோட்டத் தொழிலாளி கதை. யூடியூபில் நாற்பது கோடி முறைக்கும் மேல் பார்க்கப்பட்டது. ஆட்டோவில் ஓடியது, கல்லூரி விழாவில் ஓடியது, தேர்தல் வேனில்கூட ஓடியது. பிறகு என்ன நடந்தது? இசையமைத்த சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் காணொளியில் வந்து, அந்தப் பாட்டின் வருவாயிலிருந்து தனக்கும் பாடியவர்களுக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்றார். வெளியிட்ட நிறுவனம் தன் தரப்பை வேறுவிதமாகச் சொன்னது. அதற்கு முன்பே 2022-இல், செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு பாடப்பட்டபின், எழுதியது யார், மெட்டுப் போட்டது யார் என்ற சண்டை பொதுவெளிக்கு வந்திருந்தது. யார் பக்கம் நியாயம் என்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. இத்தனை கோடிப் பேர் கேட்டபின்னும் பணமும் பெயரும் உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று சண்டை போட வேண்டியிருக்கிறது. இதற்கும் மக்களா காரணம்?

“லேப்டாப் ஒன்று இருந்தால் வீட்டிலேயே ஆல்பம் போடலாமே, பணம் எதற்கு?” என்ற கேள்வியும் வருகிறது. சாதாரணமாகக் கேட்கிறார்கள். கேட்பவர் ஒருநாள் பறையைப் பதிவு செய்து பார்க்கட்டும். பறையின் தோல் நெருப்பில் காய்ச்சினால்தான் விறைக்கும். ஸ்டுடியோவுக்குள் வைக்கோல் கொளுத்த முடியாது. வெளியே காய்ச்சி எடுத்துக்கொண்டு ஓடி வந்து அடித்தால், சில நிமிடங்களில் குளிர்சாதன அறையில் ஓசை இறங்கத் தொடங்குகிறது. மறுபடி வெளியே. அடுத்த பதிவின் சுருதி முந்தையதோடு ஒட்டாது. பதிவானபின் வேறு தொல்லை. அடிக்குச்சியின் கனத்த ஓசை எலக்ட்ரானிக் கிக் டிரம் இருக்கும் இடத்திலேயே வந்து மோதும். சிண்டுக்குச்சியின் கூரிய ஓசை ராப் பாடுபவரின் ‘ச’, ‘ட’, ‘த’ ஒலிகளை விழுங்கும். ஒலிக்கலவை செய்பவர் மணிக்கணக்கில் இரண்டையும் விலக்கி விலக்கி வைக்க வேண்டும்.

ஒப்பாரி இன்னும் கடினம். ஒப்பாரிக்கு மெட்ரோனோம் கிடையாது. பாடும் அம்மா இழுவையை எங்கே நிறுத்துவார், எங்கே விம்முவார், எங்கே மூச்சு வாங்குவார் என்பது அவர் துக்கத்தின் கையில் இருக்கிறது. கணினியின் கிளிக்கோடு அதை ஒட்ட வைக்க இரண்டே வழி. அவர் மூச்சை வெட்டித் தாளத்துக்குள் அடைக்கலாம். அது மலிவு, கேட்கிறவருக்கும் உடனே தெரிந்துவிடும். இல்லையென்றால் அவர் குரலை முதலில் பதிந்து, தாளத்தை அதன் பின்னால் வரியாக வரியாக நகர்த்தி நகர்த்தி அமைக்கலாம். பல நாள் வேலை. கலப்பிசை என்றால் இதையும் அதையும் கொட்டிக் கிளறுவது என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வழி இருப்பதே தெரியாது. பறை அடிப்பவருக்குக் கூலி, பாடும் அம்மாவுக்கு மரியாதையான தொகை, ஸ்டுடியோ வாடகை, ஒலிக்கலவை, மாஸ்டரிங். சினிமாவில் இதையெல்லாம் தயாரிப்பாளர் கட்டுகிறார். தனி ஆல்பத்தில் பாடகர் கட்டுகிறார், பெரும்பாலும் நகையை வைத்து.

வெளிவந்தபின் வரும் வருமானக் கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான ஸ்ட்ரீமிங் தளங்களில் சந்தாவும் விளம்பரமும் மொத்தமாகச் சேர்ந்து, நாட்டில் ஒவ்வொரு பாட்டும் எத்தனை சதவீதம் கேட்கப்பட்டதோ அந்த விகிதத்தில் உரிமையாளர்களுக்குப் பிரிகிறது. திருப்பாச்சூரில் ஒருவர் மாதம் முழுவதும் அறிவின் ஆல்பத்தை மட்டுமே கேட்டாலும், அவர் கட்டிய சந்தா அறிவுக்கு அப்படியே போகாது. மொத்தத்தில் கரைந்து, அந்த மாதம் அதிகம் ஓடிய திரைப்பாடல்களின் உரிமை வைத்திருப்பவர்களுக்கே பெரும்பங்கு போகும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஓராண்டில் ஆயிரம் முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகையே கிடையாது. கேட்பவர் தேர்ந்தெடுத்தும் அவர் தேர்வு செல்லாமல் போகும் ஏற்பாடு இது. இதை ‘மக்கள் தீர்ப்பு’ என்று அழைக்க எப்படி மனம் வருகிறது?

அடுத்த வாதம் கொஞ்சம் கூர்மையானது. “தனி ஆல்பம் போட்டவர்களே வாய்ப்பு வந்ததும் சினிமாவுக்குப் போகிறார்களே! ஆல்பம் வெறும் விசிட்டிங் கார்டுதானே?” உண்மைதான், போகிறார்கள். ஹிப்ஹாப் தமிழா இரட்டையர் 2012-இல் ஆல்பத்தோடு வந்து மூன்றாண்டில் சினிமா இசையமைப்பாளர்கள் ஆனார்கள். அறிவும் ‘மாஸ்டர்’ படத்துக்கு எழுதிப் பாடினார். இதில் குற்றம் என்ன? ஒருவன் விவசாயம் விட்டு கம்பெனி பஸ் ஏறினால், அவனுக்கு நெல்லின் மேல் வெறுப்பு என்றா சொல்வோம்? சம்பளம் அங்கே இருக்கிறது, போகிறான். மறுபக்கத்தைப் பார்த்தால் வாதமே கவிழ்ந்துவிடும். சினிமாவில் உச்சியில் இருந்த இளையராஜா எதற்காக 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ செய்தார்? 1988-இல் ‘நத்திங் பட் விண்ட்’? 2005-இல் திருவாசகத்தை ஆர்கெஸ்ட்ராவோடு ஏன் பதிந்தார்? வாய்ப்பே இல்லாதவர் அல்லவே அவர். படத்தின் காட்சிக்கும் பல்லவி சரண அளவுக்கும் அடங்காத இசை ஒன்று அவரிடம் மிச்சம் இருந்தது. சினிமா எல்லா இசைக்கும் இடம் கொடுக்கும் என்றால், அதில் எல்லா இடமும் கிடைத்த மனிதருக்கு வெளியே வர என்ன அவசியம்?

வானொலியும் தன் பங்கை ஒப்புக்கொள்ள வேண்டும். தனியார் எஃப்.எம். நிலையங்கள் காலை முதல் இரவு வரை திரைப்பாடலை ஒலிபரப்பிவிட்டு, “நேயர்கள் திரைப்பாடலைத்தான் கேட்கிறார்கள்” என்று விளம்பரதாரரிடம் கணக்குக் காட்டுகின்றன. வேறு பண்டமே வைக்காத கடை வாடிக்கையாளரின் விருப்பத்தை எப்படி அளந்தது? பட வெளியீட்டுக்கு முன்பே ஆடியோ உரிமையை விலைக்கு வாங்கியவர்கள், முதலை எடுக்க அதைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். வியாபாரம், தப்பில்லை. அந்த வியாபாரத்துக்கு மக்கள் ரசனை என்று பெயர் சூட்டுவதுதான் தப்பு.

சட்டம் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிமைத்தொகையில் சமபங்கு உண்டு என்கிறது. திரைப்படத்தில் சேராத ஒலிப்பதிவுக்கும் அது பொருந்தும். அந்தப் பங்கை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது. ஆனால் எத்தனை முறை ஓடியது, எவ்வளவு வந்தது என்ற கணக்கே பாடகர் கையில் வராதபோது சமபங்கு எதில்? பத்திரம் கையில் இருந்து நிலம் எங்கே என்று தெரியாத நிலைமை.

ஆகவே கேட்க வேண்டியவை வேறு. ஊர்த் திருவிழாக் கமிட்டி, சினிமாப் பாட்டு மெல்லிசைக் குழுவுக்குக் கொடுக்கும் தொகையை ஓராண்டு தன் பாட்டைத் தானே எழுதிப் பாடும் குழுவுக்குக் கொடுக்கட்டும். அரசு விழாக்களில் ஒரு பாட்டு பாடப்பட்டால் எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் பெயர் மேடையில் அறிவிக்கப்படட்டும், தொகையும் போகட்டும். வெளியீட்டு நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கைக் கலைஞர் கையில் கொடுக்கட்டும். எஃப்.எம். நிலையம் நள்ளிரவில் இல்லாமல், ஷிப்ட் பஸ்கள் ஓடும் நேரத்தில் அரைமணி ஒதுக்கட்டும். இவற்றில் எதற்கும் மக்களின் ரசனையை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

இவ்வளவும் செய்து பார்த்து, அப்போதும் திருப்பாச்சூர் காது கொடுக்கவில்லை என்றால் பழைய தீர்ப்பை நானே முன்மொழிகிறேன். அதுவரை “நம்ம ஜனங்களுக்கு சினிமாப் பாட்டு போதும்” என்று சொல்பவர் எவராயினும், எத்தனை முறை ஒலிபரப்பினீர்கள், யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற இரண்டு எண்களை முதலில் மேசை மேல் வைக்க வேண்டும். வைக்க முடியாதவர் மக்களின் பெயரால் பேசும் உரிமையை விட்டுவிடட்டும்.